‘சும்மா சொல்றேன்’ என்று தொடங்கும் பேச்சு: இரசிகரின் தராசில் உள்ளூர் அரசியல் ஏன் ஏறுவதில்லை?

கடந்த 2025 டிசம்பர் 27-ஆம் தேதி, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் விஜய் நடித்த ‘ஜன நாயகன்’ படத்தின் இசை வெளியீட்டு விழா நடந்தது. மேடையில் அரசியல் பேசக் கூடாது என்பது காவல்துறையின் நிபந்தனை. மேடை அதற்குக் கட்டுப்பட்டது. அரங்கத்துக்கு வெளியே, வாகன நிறுத்துமிடத்திலும் எல்ஆர்டி நிலையத்திலும் மாமாக் கடையிலும் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. அங்கே அன்றிரவு பேசப்பட்டதில் பாதி பாட்டு, பாதி அரசியல். அந்த அரசியலும் பெரும்பாலும் தமிழ்நாட்டு அரசியல்.

மலேசியத் தமிழர்களிடையே நெடுநாள் இரசிகர் ஒருவர் இல்லாத ஊர் கிடையாது. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்தவர். இன்று தாமானில் குடியிருந்து கைப்பேசியில் முன்னோட்டம் பார்க்கிறார். காலைப் பசியாறும்போது பாட்டு, படம், கட்சி மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். “சும்மா சொல்றேன் தம்பி” என்றுதான் தொடங்குவார். அந்தச் ‘சும்மா’வைப் பலர் வெட்டிப் பேச்சாக ஒதுக்குகிறார்கள். ஆனால், இச்சமூகத்தின் பொதுக் கருத்து உருவாகும் இடமே அதுதான். அப்பேச்சில் எது உரத்து ஒலிக்கிறது, எது அடங்கிப் போகிறது என்பதைக் கவனித்தால் நம் அரசியலின் நிலை ஓரளவு விளங்கும்.

இசையில் அவர் நீதிபதி

இசை என்று வந்துவிட்டால் இந்த இரசிகரை ஏமாற்றுவது கடினம். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது வானொலியில் கேட்டதையும், 1992-இல் ‘ரோஜா’ கேசட் தேய்ந்துபோகும்வரை ஓடியதையும் அவர் நினைவில் வைத்திருக்கிறார். புதுப் பாட்டு ஒன்று வந்தால், அதன் மெட்டு எந்தப் பழைய பாட்டின் சாயல் என்பதைச் சில நொடிகளில் சொல்லிவிடுவார். பிடித்த இசையமைப்பாளர் என்பதற்காகக் குறையை மறைக்கமாட்டார். “தலைவர்தான், ஆனா இந்தப் படத்துல பின்னணி இசை மட்டம்” என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இல்லை. பற்றும் விமர்சனமும் அவரிடம் சேர்ந்தே இருக்கின்றன.

ஆனால், உள்ளூர் இசைக்கு இதே காது எளிதில் திறக்கவில்லை. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டபோது இளையோர் அதைக் கொண்டாடினார்கள். மூத்த இரசிகர்களில் பலர், இது பாட்டா பேச்சா என்று முகம் சுளித்தார்கள். மறு ஆண்டு தமிழ்நாட்டின் ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. அதன் பிறகு, “நம்ம ஊர்ப் பையன்” என்ற பெருமை எல்லாரிடமும் வந்தது. பாடியவர் அதே ஆள், அதே குரல். நடுவில் சேர்ந்தது சென்னையின் முத்திரை ஒன்றுதான்.

இதற்கு இரசிகரை மட்டும் குறை சொல்ல முடியாது. பினாங்கின் அலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் மலாய்ப் பாடல்களால் நாடு முழுதும் புகழ்பெற்றபோது நம் வீடுகள் மகிழவே செய்தன. உள்ளூர்க் கலைஞர் மேல் அன்பு இல்லாமல் இல்லை. அந்த அன்பு, வேறொருவர் ‘சரி’ என்று சொல்லும்வரை காத்திருக்கிறது. இந்தக் காத்திருப்புப் பழக்கம் இசையோடு நிற்பதில்லை.

ஒரே கதை, இரண்டு வரவேற்பு

2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ திரைக்கு வந்தது. 1990-களின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள், புறம்போக்கு வீடுகள், படிப்புக்கும் குண்டர் கும்பலுக்கும் இடையே தத்தளிக்கும் ஒரு சிறுவன் என்று இந்நாட்டுத் தமிழரின் ஒரு தலைமுறைக் கதையை அது சொன்னது. ஏழு மாதங்கள் கழித்து, 2016 ஜூலையில், பா.இரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ வந்தது. அதுவும் மலேசியத் தமிழர் கதை. அதிலும் தோட்டப் பின்னணி, கும்பல், சிறை எல்லாம் உண்டு.

‘கபாலி’ பார்க்க அதிகாலையிலேயே வரிசை. ‘ஜகாட்’ பார்க்க அந்த வரிசை இல்லை. பலர் அதைக் கேள்விப்பட்டதே விருது சர்ச்சைக்குப் பிறகுதான். 2016-இல் 28-வது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்களுக்கு எனத் தனிப் பிரிவு வைக்கப்பட்டது. ‘ஜகாட்’ அதில் தள்ளப்பட்டதைக் கண்டு இன வேறுபாடின்றித் திரைக்கலைஞர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். அதன் பிறகே மொழி பாராத சிறந்த மலேசியப் படம் என்ற பிரிவு வந்தது. அவ்விருதை வென்றது ‘ஜகாட்’. தமிழ் பேசும் படம் மலேசியப் படம்தான் என்பதை உறுதிப்படுத்திய நிகழ்வு அது. ஒரு திரைப்படத்தைச் சுற்றி நடந்த அரசியல் வெற்றி என்றே அதைச் சொல்லலாம். ஆனால், அந்த வாரங்களில் உணவக மேசைகளில் அதிகம் பேசப்பட்டது ‘கபாலி’யின் முடிவு. படத்தின் இறுதியில் நாயகன் காவல்துறையிடம் சரணடைந்ததாக மலேசியப் பதிப்பில் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டிருந்ததுதான் பேச்சு.

இரசிகரிடம் கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்வார். “ரஜினிக்குக் கொடுக்கற காசு பொழுதுபோக்குக்கு. நம்ம கஷ்டத்த மறுபடியும் காசு கொடுத்துப் பார்க்கணுமா?” அதில் நியாயம் இருக்கிறது. தோட்டத் துண்டாடலையும் வீட்டை இழந்ததையும் நேரில் பட்டவருக்கு அதைத் திரையில் காண்பது எளிதல்ல. ஆனால், அதே வாழ்க்கையை நட்சத்திரம் நடித்துக் காட்டும்போது கைதட்ட முடிகிறது. நம் துயரம் பெரிய உருவத்தில், வெற்றி பெறும் முகத்தோடு வந்தால் ஏற்றுக்கொள்கிறோம். உள்ளபடியே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அரசியலில் தலைவரைத் தேடுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

2018: ஒரே ஆண்டில் இரண்டு அரசியல்

இந்த இரசிகரின் அரசியல் பேச்சைப் புரிந்துகொள்ள 2018-ஐப் போல நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

2017 டிசம்பர் 31-ஆம் தேதி, தனிக் கட்சி தொடங்கப் போவதாக ரஜினிகாந்த் அறிவித்தார். ஒரு வாரத்தில், 2018 ஜனவரி 6-ஆம் தேதி, தென்னிந்திய நடிகர் சங்கத்தின் நட்சத்திர விழா இதே புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்தது. ரஜினியும் கமல்ஹாசனும் வந்திருந்தார்கள். அடுத்த மாதமே கமல் தம் கட்சியை மதுரையில் தொடங்கினார். அந்தச் சில வாரங்களில் ஈப்போவிலும் சிரம்பானிலும் பேசப்பட்டதெல்லாம், “ரஜினி எத்தனை தொகுதி பிடிப்பார்?” என்ற கணக்கு.

நான்கு மாதங்கள் கழித்து, மே 9-ஆம் தேதி, மலேசியாவின் 14-வது பொதுத் தேர்தல் நடந்தது. 61 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கூட்டணி தோற்றது. நாட்டின் வரலாற்றில் முதல் முறையாகக் கூட்டரசு அரசாங்கம் மாறியது. அதை மாற்றிய வாக்குகளில் தோட்டத்திலும் தாமானிலும் வாழும் இந்தியர்களின் வாக்குகளும் இருந்தன. எந்தத் தொகுதியைப் பற்றிக் கணக்குப் போட்டாரோ அங்கே இந்த இரசிகருக்கு ஒரு வாக்குகூட இல்லை. வாக்கு இருந்த இடத்தில் அவர் அமைதியாகச் சென்று வரலாற்றை மாற்றிவிட்டு வந்தார்.

பிறகு நடந்ததும் நினைவில் வைக்க வேண்டியது. 2020 பிப்ரவரியில், தேர்தல் எதுவும் நடக்காமலேயே, இங்கே அந்த ஆட்சி கவிழ்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி, கட்சி தொடங்கவில்லை என்று ரஜினி அறிவித்தார். இரண்டில் எது இரசிகரின் வீட்டைத் தொட்டது? தமிழ்ப்பள்ளி மானியம், குடியுரிமைப் பத்திரம், மலிவு விலை வீடு, வேலை வாய்ப்பு என அனைத்தும் முதலாவதோடு கட்டுண்டவை. மேசையில் நீண்ட நேரம் வருத்தத்தோடு பேசப்பட்டது இரண்டாவதுதான்.

குரல் ஏன் தாழ்கிறது?

இதை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மைக் காரணங்கள் வேறு.

முதலாவது, எண்ணிக்கை. நாட்டின் 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றும் இல்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் நாடெங்கும் சிதறி வாழ்கிறார்கள். “நம்ம ஓட்டு என்ன செய்யப் போகுது?” என்ற சலிப்பு இங்கிருந்து பிறக்கிறது. ஆனால், இருமுனை, மும்முனைப் போட்டியில் வெற்றியைத் தீர்மானிக்கும் இடத்தில் இதே வாக்குகள் இருந்திருக்கின்றன. 1974 முதல் சுங்கை சிப்புட் தொகுதியைத் தம் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் ச.சாமிவேலு 2008-இல் அங்கே தோற்றார். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 2007 நவம்பர் 25-ஆம் தேதி நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியைக் கண்ணீர்ப்புகையால் கலைத்தவர்கள், அந்தக் கோபம் வாக்குப் பெட்டிவரை நடந்து போகும் என்று எண்ணவில்லை.

இரண்டாவது, ஊராட்சி. குப்பை அள்ளுவது, வடிகால், தெருவிளக்கு, கோயிலுக்குச் செல்லும் சாலை எல்லாம் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அக்கழகத்தின் உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவே இல்லை. உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். படம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரமே திரையரங்கைக் காலியாக்க இரசிகரால் முடியும். நகராண்மைக் கழக உறுப்பினரை அப்படி அனுப்ப முடியாது. தீர்ப்புக்குப் பயன் இல்லாத இடத்தில் பேச்சும் சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது, இழப்பு. தமிழ்நாட்டுக் கட்சியைத் திட்டினால் இங்கே யாரும் கோபிக்கமாட்டார்கள். வட்டாரத் தலைவரைத் திட்டினால், நாளை மகளின் உபகாரச் சம்பள மனுவோ கோயில் மானியக் கடிதமோ அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கலாம். தூரத்து அரசியல் இரசிகருக்கு இலவசம். பக்கத்து அரசியலுக்கு விலை உண்டு. ஆகவே தூரத்து அரசியலில் அவர் குரல் உயர்கிறது, பக்கத்தில் தாழ்கிறது.

நான்காவது காரணம் தலைவர்களிடம் இருக்கிறது. நட்சத்திரங்களுக்கு அருகில் நிற்கும் ஆசை கட்சி பேதமின்றி எல்லாருக்கும் உண்டு. 2017 மார்ச்சில் அப்போதைய பிரதமர் நஜிப் சென்னையில் ரஜினியைச் சந்தித்தார். 2023 செப்டம்பரில் இன்றைய பிரதமர் அன்வார் இப்ராஹிம் கோலாலம்பூரில் அவரைச் சந்தித்தார். அதில் தவறேதும் இல்லை. ஆனால், இந்தியச் சமூகத்தோடு பேச அதுதான் வழி என்று அரசியல் நினைத்துவிட்டால், இரசிகர் எப்போதும் இரசிகராகவே நடத்தப்படுவார். வாக்காளராக அவரிடம் யாரும் கணக்கு ஒப்புவிக்கமாட்டார்கள்.

அறிவிப்பு வேறு, வெளியீடு வேறு

இத்தனைக்கும், நல்ல வாக்காளருக்கு வேண்டிய கருவி இரசிகரின் கையிலேயே இருக்கிறது. படத்தின் தலைப்பு அறிவிப்பை அவர் படமாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் பார்வை, முன்னோட்டம், வெளியீட்டுத் தேதி, தணிக்கை, முதல் நாள் என்று ஒவ்வொரு படியையும் தனித்தனியே பார்ப்பார். ‘ஜன நாயகன்’ ஜனவரி 9-ஆம் தேதி வராமல் தணிக்கைச் சான்றிதழ் சிக்கலில் மாட்டியபோது, வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்ன நிலையில் இருக்கிறது என்பதை நம் ஊர் இரசிகர்கள் நாள்தோறும் பின்தொடர்ந்தார்கள். இதே கவனத்தை நம் வீட்டு விவகாரம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம்.

சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் 245, சொந்த வீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன. 2024 மே 11-ஆம் தேதி கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர்களில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் இந்தியர். பிரச்சாரம் சூடுபிடித்த நாள்களில் அந்த வீடுகளுக்கான ஒதுக்கீட்டை வீடமைப்பு அமைச்சு அறிவித்தது. இரு பதின்மங்களாக நகராத கோப்பு ஓர் இடைத்தேர்தலில் நகர்ந்தது. வாக்குக்கு வலு இல்லை என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

ஆனால் அது தலைப்பு அறிவிப்பு. அதற்கும் வீட்டுச் சாவிக்கும் இடையே பல படிகள் உண்டு. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பது. பணம் கூட்டரசு அமைச்சிலிருந்து வருவது. கட்டட வரைபடத்துக்கு நகராண்மைக் கழக ஒப்புதல் வேண்டும். குத்தகையாளர் நியமிக்கப்பட வேண்டும். கட்டி முடித்த பிறகு சி.சி.சி. எனப்படும் குடியேறும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இதில் எந்தப் படியில் கோப்பு நிற்கிறது, யார் மேசையில் நிற்கிறது என்று கேட்பதுதான் உள்ளூர் அரசியல் பேச்சு. மேடை தேவையில்லை. சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு ஒரு கடிதம், பதில் வராவிட்டால் மறு மாதம் இன்னொரு கடிதம் போதும்.

மித்ராவையும் இப்படியே பார்க்கலாம். இந்தியர் உருமாற்றத்துக்கு எனப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்ட அமைப்பு அது. பிரதமர் துறைக்கும் ஒற்றுமை அமைச்சுக்கும் இடையே மாறி மாறி வைக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் விவாதம், யார் தலைவர், யார் பொறுப்பு என்பதில் நின்றது. நாயகன் யார், இயக்குநர் யார் என்று பேசி முடித்துவிட்டுப் படம் எப்படி என்று கேட்காமல் வீட்டுக்குப் போவது போன்றது இது. எந்த இரசிகரும் திரையரங்கில் அப்படிச் செய்யமாட்டார். எத்தனை மழலையர் கல்வி பெற்றனர், எத்தனை பேர் கைத்தொழில் கற்று வேலைக்குச் சென்றனர், நம் வட்டாரத்துக்கு என்ன வந்தது என்பவையே இங்கே இரண்டாம் பாதி.

யார் செவிசாய்க்க வேண்டும்?

நெடுநாள் இரசிகரிடம் படம் பார்ப்பதை விட்டுவிடச் சொல்வதில் பொருள் இல்லை. உழைத்துக் களைத்தவருக்கு அந்த மூன்று மணி நேரம் உரிமையுள்ள இளைப்பாறுதல். தமிழ்நாட்டு அரசியலில் அக்கறை கொள்வதும் மொழி உறவின் இயல்பு. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு நட்சத்திர நிகழ்ச்சிக்குக் கொடுக்கும் சில நூறு வெள்ளியில் ஒரு சிறு பங்கு உள்ளூர்ப் படத்துக்கும் உள்ளூர்ப் பாடகருக்கும் போகட்டும். எடப்பாடி, கரூர் தொகுதி நிலவரம் பேசும் மேசையில் தாப்பா, தெலுக் இந்தான் நிலவரமும் பேசப்படட்டும்.

அரசியல் தரப்புக்கும் இதில் பாடம் உண்டு. 2008-இல் ம.இ.கா. ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் நின்று மூன்றில் வென்றது. 2022-இல் பத்தில் நின்று ஒன்றில் வென்றது. அந்தச் சரிவு ஒரே இரவில் வரவில்லை. பசியாறும் மேசைகளில் ‘சும்மா’ சொல்லப்பட்டு வந்தது. கேட்க ஆள் இல்லை. இன்று ஆட்சியில் இருப்போரைப் பற்றியும் அதே மேசைகளில் அதே தாழ்ந்த குரலில் பேச்சு தொடங்கியிருக்கிறது. 2018-இல் கொடுத்த நம்பிக்கைக்கு என்ன வந்தது என்ற கேள்வி அதில் இருக்கிறது.

அடுத்த பொதுத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேரும் காலம் இது. வீட்டில் அப்பாவும் பிள்ளையும் ஒரே படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். இருவரும் வாக்காளர்கள். அந்தச் சண்டையில் தங்கள் தொகுதியின் பெயரும் வாரத்துக்கு ஒருமுறையாவது அடிபட்டால், ‘சும்மா’ சொல்வது கோரிக்கையாக மாறும். கோரிக்கை என்று வந்துவிட்டால் அதற்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.